உறைக்கு ஒரு கரண்டி

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் குளம் செத்துப்போயிற்று.

குளம் என்றதும் தாமரையையும் வாத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சுங்கை பெலுரு செம்பனை ஆலையின் கழிவுக் குளம். இரண்டு பந்துத் திடல் அளவுக்கு வெட்டி, கனத்த கறுப்பு விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி வைத்திருந்தார்கள். பழக்குலைகளை அவித்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுகிற பழுப்பு நிறத் தண்ணீர் அதற்குள் போய் விழும். உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தின்றுவிட்டு மீத்தேன் வாயுவை விடும். வாயு சேரச் சேர விரிப்பு பூரிபோல் உப்பும். அந்த வாயு எரிந்து மின்சாரமாகி, ஆலைக்குப் போக மிச்சம் பெலுரு டவுன் முழுவதற்கும் வெளிச்சம் கொடுக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி எல்லாம் அந்த நாற்றம் பிடித்த குளத்தின் புண்ணியத்தில்தான் ஓடின.

அன்று விரிப்பு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கொதிகலன் கழுவிய ரசாயனத் தண்ணீரை எந்த மகராசனோ தவறான வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தான். கோகிலவாணி ஒரு குப்பியில் குளத்து நீரை மொண்டு, சோதனைத் தாளை முக்கினாள். அந்த நுண்ணுயிருக்கென்றே கம்பெனி செய்த தாள் அது. உயிர் இருந்தால் ஒரு நிமிடத்தில் கத்தரிப்பூ நிறமாகும். மூன்று நிமிடம் காத்திருந்தும் வெள்ளையாகவே இருந்தது.

"செத்துருச்சி," என்றாள் கோகிலா, பக்கத்தில் நின்ற பம்ப் ஆளிடம். பன்னிரண்டு வருடமாக அவள் அந்த வாயுக்கூடத்தில் சோதனைப் பெண். குளத்துக்கு நாடி பார்ப்பது அவள் வேலை.

குளம் படுத்தால் முதலில் அணைவது தொழிலாளர்களின் லைன் வீட்டுத் தெருவிளக்குகள்தான். டவுனுக்குக் கொடுக்கக் கம்பெனி டீசல் இயந்திரத்தை ஓட்டும். லைன் வீட்டுக்காரர்கள் நிலா வெளிச்சத்தில் நடந்துகொள்ள வேண்டியது. யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. எப்படியும் ஒன்பது நாளில் குளம் எழுந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோகிலாவுக்குப் புரியாததே அந்த ஒன்பது நாள்தான். மற்ற ஆலைகளில் குளம் செத்தால் உயிர்ப்பிக்க மூன்று மாதம் பிடிக்கும். உயிருள்ள வேறு குளத்திலிருந்து லாரி லாரியாகச் சேறு கொண்டுவந்து ஊற்றிக் காத்திருக்க வேண்டும். சுங்கை பெலுருவில் இருப்பதோ கம்பெனி விஞ்ஞானி டாக்டர் ஜெயசேகரன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய 'ஏழாம் ரகம்'. சாதாரண நுண்ணுயிரைவிட மூன்று மடங்கு வாயு தரும், ஆனால் தொட்டாற்சிணுங்கி. சூடு கூடினாலும் சாகும், மழை கூடினாலும் சாகும். இரண்டு வருடத்தில் நான்கு முறை செத்து நான்கு முறையும் ஒன்பதே நாளில் எழுந்திருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த ரகத்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரிகூட வந்ததில்லை.

"பால் இருந்தா மட்டும் தயிராயிடுமா டாக்டர்? உறை எங்கேருந்து வருது?" என்று ஒருமுறை கேட்டிருந்தாள். டாக்டர் சிரித்தார். "அது கம்பெனி ரகசியம் கோகிலா. ஆனா கேட்டீங்க பாருங்க, சரியான கேள்வி," என்றார்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், அவள் குளத்துக் கரையைச் சுற்றி நடந்தாள். விரிப்பு லேசாக உப்பத் தொடங்கியிருந்தது. தாள் இளம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. கரையின் கீழ்ப்பக்கம், புல்லுக்குள் ஒரு சாம்பல் நிறக் குழாய் 'கடகட'வென்று குளத்துக்குள் எதையோ கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் கண்ணில் படாத குழாய். ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும் என்று நினைத்து அதன் பின்னாலேயே போனாள். அது தொழிலாளர் கழிவறைகளின் பின்னால் இருந்த மலத்தொட்டியில் போய் முடிந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டி நீரிலும் ஒரு தாளை முக்கினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. குளத்தைவிட இரண்டு மடங்கு கருமையாக நிறம் ஏறிவிட்டது. கோகிலா திகைத்தாள். பிறகு, குளத்துத் தண்ணீர்தான் குழாய் வழியாகப் பின்னுக்கு ஏறியிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, 'குழாய் வால்வு பழுது, பார்க்கவும்' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். பக்கத்தில் ஒரு காரணம் கிடைத்தால் மனுஷ புத்தி தூரத்துக்குப் போகாது.

பத்து மணிக்குக் கிள்ளானிலிருந்து தங்கை யோகேஸ்வரி போன் அடித்தாள். அம்மா போனபின் கோகிலா வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்த தங்கை. பேசுவதற்கு முன்பே அழுதாள்.

"அக்கா, பாப்பாவ ஆஸ்பத்திரில வச்சிட்டாங்க."

"என்னாச்சி யோகு? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லக்கா. பதினாலு மாசமாச்சி, ஏழு கிலோகூட இல்ல. நல்லாத்தான் சாப்பிடுறா. சாப்பிடுறது எங்க போவுதுன்னே தெரியல. கையும் காலும் குச்சியாட்டம் ஆயிடுச்சி, வயிறு மட்டும் உப்பிக்கிட்டே போவுது. போன மாசம் உக்காந்தவ, இப்ப உக்கார முடியாம சாஞ்சிடுறாக்கா."

"டாக்டர் என்னா சொல்றாரு?"

"அவருக்கே புரியல. மூக்குல என்னமோ வச்சி மூச்சைப் புடிச்சி டெஸ்ட் எடுத்தாங்க. மூச்சுல ஒரு வாயு இருக்காம். இவ்வளவு எந்தக் குழந்தைக்கும் அவர் பாத்ததே இல்லையாம். மீத்தேன்னு சொன்னாரு. அது ஒங்க வேலையில வர்ற வாயுதானே அக்கா? கொழந்த மூச்சுல எப்படி வரும்?"

கோகிலா "நான் மத்தியானம் போன் அடிக்கிறேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் மீத்தேன் அளவுமானியின் சிவப்பு எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. இருநூறு மைல் தள்ளி இருக்கிற குழந்தை. இந்த ஆலை வாசலை மிதித்ததுகூட இல்லை. இங்கிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பொருளும் போனதில்லை.

ஒரே ஒன்றைத் தவிர.

இரண்டு வருடத்துக்கு முன், கம்பெனி தன் நாற்பத்தாறு தொழிலாளர்களுக்கும் மத்தியானத்தில் ஒரு கிளாஸ் 'சத்து மோர்' கொடுக்க ஆரம்பித்தது. இஞ்சி, கறிவேப்பிலை போட்டு, ஜில்லென்று. தமிழர்கள் குடித்தார்கள், மலாய்க்காரர்கள் குடித்தார்கள், வங்காளதேசத்துப் பையன்கள் உப்புக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கம்பெனி தானாக எதையாவது இலவசமாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. 'இங்கேயே அருந்தவும். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று கேன்டீன் சுவரில் பலகை மாட்டியிருந்தார்கள். கஞ்சத்தனம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு வாரம் கோகிலா வீட்டில் பால் உறையவே இல்லை. பாக்கெட் பால், என்ன செய்தாலும் நூல் நூலாகத் திரிந்து போயிற்று. ஒரு நாள் கேன்டீன் மோரில் அரை கிளாஸைத் தன் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்து உறை ஊற்றினாள். மறுநாள் காலையில் பார்த்தால், கத்தியால் வெட்டலாம் போலத் தயிர்! புளிப்பும் இல்லை, நீர் விடுவதும் இல்லை. அதன்பின் அவள் மோர் எடுத்து வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதுமே. தினம் முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி, மறுநாள் பாலுக்கு.

தயிரின் புகழ் ஊர் முழுக்கப் பரவிற்று. உறை கேட்டு வந்தவர்களுக்கு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுப்பதில்லை என்ற வழக்கம் ஒன்றுதான் குறுக்கே நிற்கும்; தெருவிளக்கு எரிந்தால் விளக்கு வைத்த நேரம் என்று லைன் வீட்டில் ஒரு கணக்கு. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றியபோது, கரைத்த மோர் முழுவதும் அவள் வீட்டு உறையில் தோய்த்த தயிர்தான். பாப்பா நிவிஷாவுக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்த மாதம் யோகு வந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் உறை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். எட்டு மாதமாகக் குழந்தைக்கு அந்தத் தயிர்ச்சோறுதான்.

மத்தியானம் கேன்டீனில் மோர் வந்தது. கோகிலா தன் கிளாஸை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து, மேசைக்கடியில் வைத்துத் தாளை முக்கினாள். கத்தரிப்பூ நிறம் ஏறிற்று. பக்கத்து மேசையில், ஆறு கிலோ இறங்கிவிட்டதாகச் சொல்லிப் பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் தனசீலன். அந்த மேசையில் எல்லோருடைய பெல்ட்டிலும் புது ஓட்டைகள் இருந்தன. அவள் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து, ஜாடித் தயிரில் தாளைச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் தாள் கறுத்துவிட்டது. மலத்தொட்டியைவிட, மோரைவிட, குளத்தைவிடக் கருமை. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. என் கையால், என் கையால் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் ஜெயசேகரனின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். டாக்டரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான்; அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். அதைச் சொல்லிப் பெருமைப்படுவதும் உண்டு. கோகிலா நான்கு தாள்களையும் அவர் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இது குளம். இது கக்கூஸ் தொட்டி. இது கேன்டீன் மோர்," என்றாள். நான்காவது எது என்று சொல்லவில்லை.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

"நீங்கதான் கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன். உக்காருங்க."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"குளம் ஒரே நாள்ல செத்துடும் கோகிலா. ஒங்களுக்கே தெரியும். ஆய்வுக்கூடத்துல குப்பியில வச்சிப் பாத்தோம், நாலு மாசத்துல சோர்ந்துபோவுது. அதுக்கு எப்பவும் ஒரே சூடு வேணும், வேளாவேளைக்குச் சாப்பாடு வேணும். அப்படி ஒரு எடம் மனுச வயிறுதான். நாப்பத்தாறு வயிறு. ஒரே நாள்ல நாப்பத்தாறும் கெட்டுப்போகாதில்ல? குளம் செத்தா தொட்டியிலேருந்து தொறந்து விடுறோம், திரும்ப வந்துடுது. நீங்க தயிர் முழுசையும் சாப்பிட்டுடுவீங்களா? நாளைக்கு ஒறைக்குன்னு ஒரு கரண்டி வைக்கிறீங்கல்ல?"

"அப்ப நாங்கதான் அந்தக் கரண்டியா?"

டாக்டர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா டாக்டர்?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நலத்திட்ட ஃபாரம், பதினோராம் பக்கம்."

"சத்து மோர்னு சொல்லிக் குடுத்தீங்க. பதினோராம் பக்கத்த யார் படிப்பா? நீங்க பொறந்த தோட்டத்து லைன் வீட்ல யாராவது படிச்சிருப்பாங்களா?"

அந்த இடத்தில் மட்டும் அவர் கண் தாழ்ந்தது. உடனே நிமிர்ந்துகொண்டார். "யாருக்கு என்னா கெட்டுப்போச்சி? சாப்பாட்டுல இருக்கிற கொழுப்புல கொஞ்சம் அது தின்னுக்கும். நாலஞ்சி கிலோ எறங்கும். சந்தோசமா பெல்ட்டுக்கு ஓட்டை போட்டீங்க. இந்தப் பக்கம் ஒரு டவுனே வெளிச்சமா இருக்கு. ஆஸ்பத்திரில குறைமாசக் கொழந்தைங்கள வைக்கிற பெட்டி எந்தக் கரண்ட்ல ஓடுது? யோசிச்சிப் பாருங்க."

"என் தங்கச்சி கொழந்தையும் இப்ப ஆஸ்பத்திரிலதான் இருக்கு," என்றாள் கோகிலா. "பதினாலு மாசம். ஏழு கிலோ இல்ல. மூச்சுல மீத்தேன் வருதுன்னு டாக்டர் முழிக்கிறாரு."

அவர் முகம் சுருங்கியது. ஆனால் பயம் இல்லை. "எப்படி அங்க... மோரை வெளிய எடுத்துட்டுப் போயிட்டீங்களா? அதுக்குத்தானே பலகை மாட்டினோம்! சரி, பயப்படாதீங்க. இதுக்கு ஒரு பூட்டு வச்சிருக்கேன். மோர்ல ஒரு பொடி கலக்குறோம். அந்தப் பொடி இல்லாம ஏழாம் ரகம் இருவது நாளுக்கு மேல வாழாது. குளத்துலயும் அந்தப் பொடியத்தான் தூவுறோம். வேலைய விட்டுப்போன ரெண்டு பேரை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், மூணு வாரத்துல வயிறு சுத்தமாயிடுச்சி. மோரை நிறுத்துங்க. கொழந்த தேறிடும்."

"கொழந்த மோரே குடிச்சதில்ல டாக்டர்."

"அப்பறம்?"

"நான் ஒரே ஒரு நாள்தான் எடுத்துட்டுப் போனேன். அரை கிளாஸ். ஒன்றரை வருசம் ஆவுது. அதுல தயிர் தோய்ச்சேன். மறுநாள் அந்தத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்துத் தோய்ச்சேன். அதுக்கு மறுநாள் அதுல ஒரு கரண்டி. நேத்து வரைக்கும் அப்படித்தான்." நான்காவது தாளை அவர் பக்கம் தள்ளினாள். "இது எங்க வீட்டுத் தயிரு. எட்டு மாசமா கொழந்த சாப்பிடுறது இதோட ஒறையிலதான்."

டாக்டர் தாளைக் கையில் எடுத்தார். அதன் கருமையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறுவதைக் கோகிலா கண்ணால் பார்த்தாள்.

"மூணாவது நாளே பொடி தீந்திருக்குமே," என்று முணுமுணுத்தார். "செத்திருக்கணுமே. செத்திருக்கும்... முக்காவாசி செத்திருக்கும். பொடி கொஞ்சமா இருந்தாலும் தாங்கிக்கிட்டது எதுவோ, அது மட்டும் மறுநாள் பாலுக்குப் போயிருக்கு. அதுலயும் தாங்கினது அதுக்கு மறுநாள்..." சட்டென்று நிமிர்ந்தார். "ஐநூறு தடவைக்கு மேல. இதை நான் ஆய்வுக்கூடத்துல செய்யணும்னா பத்துப் பேரு வேணும், அனுமதி வேணும், யாரும் குடுக்க மாட்டாங்க. தினம் ஒரு கரண்டியா எடுத்து எடுத்து, பூட்டைத் தொறக்கிறதுக்கு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க கோகிலா. இதுக்கு இனிமே நாம வேணாம்."

கோகிலாவுக்கு, இவர் வைத்த வெடிக்கு நானா திரி கொளுத்தினேன் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில், ஆமாம், நீதான் என்று இன்னொன்றும் இருந்தது.

"யார் யாருக்குக் குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"லைன் வீடு அறுபதுக்கும் போயிருக்கும். கோயில் குருக்கள் வீட்டுக்கு. டவுன்ல ரெண்டு சாப்பாட்டுக் கடைக்கு." கடைசியாக மெல்லச் சொன்னாள். "ஆடிக் கூழு."

"எத்தனை பேரு குடிச்சாங்க?"

"ஆளை யாரு எண்ணினா? எட்டு அண்டா."

டாக்டர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கையை எடுத்தபோது அவர் கண்ணில் வேறு என்னவோ வந்திருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்றுதான் கோகிலா நினைத்தாள்.

"அந்தத் தயிர் இன்னும் வீட்ல இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"பொடியே வேணாத ரகம்..." என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஒரு மனுஷனைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. அறையவில்லை. அறைந்தால் நிவிஷாவுக்கு என்ன கிடைக்கும்?

"எழுதுங்க," என்றாள். "கிள்ளான் டாக்டருக்கு எழுதுங்க. இது என்னா உயிரு, யார் செஞ்சது, எந்த மருந்துக்குச் சாவும், எல்லாத்தயும் எழுதி இப்பவே அனுப்புங்க."

"அது முடியாது. கம்பெனி வக்கீல்கிட்ட கேக்காம..."

"கேளுங்க. நான் அதுக்குள்ள வீட்டுக்குப் போயி ஜாடியில கொதிக்கிற தண்ணிய ஊத்திடுறேன்."

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று யோகுவிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் நகர்ந்தாள்.

"பழைய ரகத்துக்கு இந்த மருந்து போதும்," என்றார் டாக்டர். "ஒங்க ரகத்துக்குக் கேக்குமா தெரியாது. கேக்கலன்னா வேற மருந்து தேடணும். அதுக்கு எனக்கு அந்தக் கிருமி உசுரோட வேணும், ரெண்டு வாரத்துக்கு, தினமும் புதுசா. கொழந்த வயித்துல ஆயிரம் கிருமி கலந்து கிடக்கும். ஒங்க ஜாடியில அது தனியா, சுத்தமா இருக்கு. தயவுசெஞ்சி கொட்டிடாதீங்க. வழக்கம்போல ஒறை ஊத்துங்க. நாளைக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் வெளிய யாருக்கும் மூச்சு விடாதீங்க."

மூச்சு விடாதீங்க என்கிறாரே, மூச்சில்தானே அது வருகிறது என்று அவளுக்கு ஒரு பைத்தியக்காரச் சிரிப்பு வந்து நெஞ்சிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. பாலைக் காய்ச்சினாள். ஆற வைத்தாள். சுண்டு விரலை விட்டுச் சூடு பார்த்தாள். ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தபோது இரண்டு சொட்டு மேடையில் விழுந்தது. அந்த இரண்டு சொட்டையும் கொதிநீர் ஊற்றித் துடைத்தாள். கரண்டியில் இருந்ததைப் பாலில் விட்டாள். எதைக் கொல்லவேண்டுமோ அதை இன்னும் இரண்டு வாரத்துக்கு அவளே ஊட்டி வளர்க்க வேண்டும். ஐநூறு நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியத்தை இன்றுதான் கண்ணைத் திறந்துகொண்டு செய்தாள்.

யோகுவிடமிருந்து செய்தி வந்தது. 'மருந்து ஆரம்பிச்சிட்டாங்க அக்கா. கேக்குமான்னு நாலு நாள் கழிச்சித்தான் தெரியுமாம். டாக்டர் என்னா என்னமோ கேக்குறாரு. தயிராலயா அக்கா?'

போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். அப்போது வாசலில் குரல் கேட்டது.

"அக்கா! இருக்கீங்களா? வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஓடியாந்தேன்."

நாலாம் வீட்டுத் தெய்வானை. கையில் டம்ளர். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஒரு வருடமாக இளைத்து, கல்யாணப் பாவாடை ரவிக்கை எல்லாம் மறுபடி பொருந்துகிறது என்று பூரித்துப்போயிருப்பவள்.

"எங்க வீட்டு ஒறை முழுசையும் பெரியவன் வழிச்சித் தின்னுட்டான்க்கா. ஒரு கரண்டி குடுங்க."

கோகிலா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. போகட்டும் அவர் ரகசியம் என்று ஒதுக்கித் தள்ளினாள்.

"தெய்வான, இந்தத் தயிரு நல்லதில்ல. அதுல கிருமி இருக்கு. குளத்துல இருக்கிற அதே கிருமி. கம்பெனி மோர்லேருந்து வந்திருக்கு. சாப்பிடுறதுல சத்த அது தின்னுடுது. ஒன் கடைசிப் பிள்ள எடை போட்டியா? இனிமே தயிர் குடுக்காத. வீட்ல இருக்கிறதயும் கொதிக்க வச்சிக் கொட்டிடு."

தெய்வானை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோகிலாவின் தோளுக்கு மேல், சமையல் மேடையில், அப்போதுதான் உறை ஊற்றி மூடி வைத்த பாத்திரமும் பக்கத்தில் கரண்டியும் தெரிந்தன.

"கொட்டச் சொல்றீங்க. நீங்க ஒறை ஊத்தி வச்சிருக்கீங்க."

"அது மருந்துக்கு. பாப்பாவுக்கு மருந்து கண்டுபிடிக்க..."

"கிருமியில மருந்தாக்கா?" தெய்வானையின் முகம் கடுத்தது. "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லிடணும். கூழு ஊத்தின தயிர விசம்னு சொல்லாதீங்க, ஆத்தா கேட்டுக்கிட்டு இருக்கா. பரவால்ல. ஜெகதா வீட்ல வாங்கிக்கிறேன். அதுவும் ஒங்க ஒறைதானே."

அவள் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். கோகிலா வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். வானம் மங்கிவிட்டது. தலைக்கு மேல் தெருவிளக்குகள் ஒன்பது நாளாக இருந்ததுபோலவே இருண்டு கிடந்தன. எரிந்துவிடு, இப்போதே எரிந்துவிடு, விளக்கு வைத்துவிட்டால் ஜெகதா தயிர் கொடுக்கமாட்டாள் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"ஜெகதா! குடுக்காத! ஜெகதா!"

ஏழு வீடு தள்ளி, ஜெகதா கிண்ணத்தோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். தெய்வானை என்னவோ சொல்லிக் கையை இந்தப் பக்கம் நீட்டினாள். இருவரும் ஓடிவரும் கோகிலாவைப் பார்த்தார்கள். ஜெகதா வேண்டுமென்றே, கரண்டி நிறைய அள்ளி டம்ளரில் போட்டாள்.

அதன்பிறகுதான் லைன் வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. குளம் பிழைத்துவிட்டது.